டாபர்மேனுக்கு ஏற்ற படுக்கைதானா? இரும்புச் சட்ட வலைத்துணிக் கட்டில் பற்றி ஒரு மதிப்புரை

டாபர்மேன் வளர்க்கும் வீடுகளில் அதன் தீனி, பயிற்சி, தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அது எதன்மேல் படுக்கிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வளர்ந்த நாய் ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழப் பாதி நேரத்தைத் தூங்கியே கழிக்கிறது. விழித்தபடி படுத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் அதன் வாழ்க்கையின் பெரும்பகுதி தரையோடுதான் போகிறது. அந்தத் தரைக்கும் நாய்க்கும் நடுவே என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடையாக, செல்லப்பிராணிக் கடைகளில் இப்போது பரவலாகக் கிடைக்கும் இரும்புச் சட்டத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டிய குட்டைக் கட்டிலை எங்கள் மாயாவுக்காக வாங்கினோம். ஒரு கத்திரி வெயில், ஓர் ஐப்பசி மழை, ஒரு மார்கழிப் பனி ஆகிய மூன்றையும் அந்தக் கட்டில் கண்டுவிட்டதால், அது டாபர்மேன் இனத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த இனத்தின் உடலமைப்பைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் கட்டிலின் நிறைகுறைகளை எடைபோட முடியாது. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள அபோல்டா நகரில், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், வரி வசூலிக்கும் பணியிலிருந்த கார்ல் ஃபிரெட்ரிக் லூயி டாபர்மேன் என்பவர் காவலுக்காக உருவாக்கிய நாய் இது. குளிர்நாட்டில் பிறந்த இனமாக இருந்தும் இதற்கு உள்மயிர் கிடையாது. உடலோடு ஒட்டிய குட்டையான மேல்மயிர் ஒன்றுதான் போர்வை. எஃப்.சி.ஐ. என்னும் பன்னாட்டு நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் வரையறைப்படி ஆண் நாய் 68 முதல் 72 செ.மீ. உயரமும் 40 முதல் 45 கிலோ எடையும், பெண் நாய் 63 முதல் 68 செ.மீ. உயரமும் 32 முதல் 35 கிலோ எடையும் இருக்கலாம். இவ்வளவு எடையைத் தாங்கும் உடம்பில் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே டாபர்மேன் கீழே படுக்கும்போது முழங்கை, இடுப்பெலும்பு, கணுக்கால் ஆகிய மேடுகள் மட்டுமே தரையைத் தொட்டு முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்கின்றன. லாப்ரடாரையும் நம் ஊர் நாட்டு நாயையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேறுபாடு எளிதில் தெரிவதில்லை.

திருச்சியில் எங்கள் வீட்டில் கூடம் முழுவதும் மொசைக் தரை, வாசலில் கிரானைட். கோடையில் அந்தத் தரையின் குளிர்ச்சிக்காகவே நாய் அதைத் தேடிப் போய்ப் படுக்கும். படுக்கப் படுக்க முழங்கை காய்த்துப்போகும். காய்ப்போடு நின்றால் பெரிய கேடில்லை. ஆனால் எலும்பு மேட்டின்மேல் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் சில நாய்களுக்கு அங்கே நீர்க்கட்டி உருவாகிறது. அது சீழ்பிடித்துவிட்டால் மருத்துவம் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும், ஏனெனில் மடங்கி விரியும் மூட்டின்மேல் இருக்கும் புண் ஆறுவதற்கு நாய் ஓய்வே கொடுப்பதில்லை. இதைத் தவிர்க்கும் வழி, கட்டி வருவதற்கு முன்பே படுக்கையை மாற்றுவதுதான்.

நாங்கள் வாங்கிய கட்டில் 4 அடி நீளம், 2½ அடி அகலம், தரையிலிருந்து 7 அங்குல உயரம் கொண்டது. சட்டம், பவுடர் கோட்டிங் செய்த இரும்புக் குழாய். துணி, பாலியெஸ்டர் இழைமீது பிவிசி பூசி நெய்த வலை. வீட்டு மாடியில் போடும் சாய்வு நாற்காலிகளில் வருவது போன்றதுதான். 60 கிலோ வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். 33 கிலோ எடையுள்ள மாயா ஓடிவந்து தொப்பென்று ஏறுவதையும் அது இதுவரை தாங்குகிறது. அளவு விஷயத்தில் கடைக்காரத் தம்பி சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டும். "அக்கா, லாப்ரடாருக்கு மூணரை அடியே போதும். உங்க டாபர்மேன் நாலு காலையும் நீட்டித்தானே படுக்கும்? ஒரு சைஸ் கூடவே எடுத்துக்கோங்க" என்றார். மிகச் சரியான யோசனை. டாபர்மேனின் கால்கள் நீளமானவை. பக்கவாட்டில் சாய்ந்து தூங்கும்போது அவை வயிற்றிலிருந்து வெகுதூரம் நீள்கின்றன. கட்டில் குறுகலாக இருந்தால் கணுக்கால் இரும்புச் சட்டத்தின் விளிம்பில் கிடந்து அழுந்தும். அப்போது வாங்கியதன் நோக்கமே கெட்டுவிடும். கடைக்குப் போகும் முன், நாய் நன்றாகத் தூங்கும் நேரத்தில் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையும், முதுகிலிருந்து நீட்டிய பாதம் வரையும் டேப் வைத்து அளந்துகொண்டு, இரண்டிலும் அரை அடி கூட்டிக் கேளுங்கள்.

பூட்டுவது ஒருவரால் ஆகிற காரியமன்று. துணியின் நான்கு பக்கமும் தைத்திருக்கும் உறைகளில் குழாய்களைச் செருகி, மூலைக்கு ஒரு காலாக வைத்து, கூடவே வரும் ஆலன் கீயால் போல்ட்டை முடுக்க வேண்டும். மூன்று மூலைகள் தாமாகப் பொருந்திவிடும். நான்காவது மூலையில் துணி விறைத்து நிற்கும். ஒருவர் குழாயை உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, மற்றவர் போல்ட்டைப் பிடிமானம் கிடைக்கும் வரை திருக வேண்டும். துணியைச் சற்று நேரம் வெயிலில் போட்டுவிட்டுப் பூட்டினால் இழை இளகி வேலை எளிதாகிறது. எல்லா மூலைகளையும் முதலில் அரைகுறையாக முடுக்கிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக இறுக்குவது நல்லது. ஒரு மூலையை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணலாகி, ஒரு கால் தரையைத் தொடாமல் ஆடும். ஆடும் கட்டிலில் டாபர்மேன் ஏறாது. புதிய ஓசையையும் காலடியில் அசையும் பொருளையும் சட்டென்று கவனித்துச் சந்தேகப்படும் இனம் இது. முதல் முறை பயந்துவிட்டால் பிறகு அதைப் பழக்குவது பெரும்பாடு.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். முழங்கைக்கு இது உதவுகிறதா? உதவுகிறது என்பதை என் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். மாயாவின் இடது முழங்கையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மயிர் உதிர்ந்து, தோல் சாம்பல் நிறமேறி, விரலால் தடவினால் வரகு உமியைத் தொடுவது போல் சொரசொரத்திருந்தது. கட்டிலுக்குப் பழகிய சில மாதங்களில் காய்ப்பின் நடுப்பகுதி அப்படியேதான் இருந்தது. ஆனால் ஓரங்களில் தோல் இளகி, குட்டையான கறுப்பு மயிர் மறுபடி முளைக்கத் தொடங்கியது. வெடிப்பு வருவது நின்றுவிட்டது. முழுக் காய்ப்பும் மறையும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மேலும் கெடாமல் காப்பதே இதனால் கிடைக்கும் பயன். காரணத்தை நாய் படுத்திருக்கும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்: துணி முழங்கை இருக்கும் இடத்தில் மட்டும் குழியாமல், உடல் முழுவதற்குமாகத் தொட்டில்போல் சீராகத் தாழ்ந்திருக்கும், பாரம் விலாவுக்கும் தோளுக்கும் தொடைக்கும் பகிர்ந்து போய்விடுகிறது.

கோடைக்கு இதைவிட ஏற்ற படுக்கையை நான் பார்த்ததில்லை. அடியில் காற்று ஓடுவதால் வயிற்றுப் பக்கம் சூடு தேங்குவதில்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. இளைத்து இளைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. கறுப்பு நிற டாபர்மேன் வெயிலில் நின்றால் அதன் முதுகில் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடும். பஞ்சு மெத்தையிலோ ஃபோம் மெத்தையிலோ படுத்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். கத்திரி வெயில் நாள்களில் பிற்பகலில் ஈரத்துணியால் வலையைத் துடைத்து மின்விசிறிக்குக் கீழே கட்டிலை இழுத்துப் போட்டால், மொசைக் தரையை விட்டு மாயா தானாக வந்து ஏறிக்கொள்கிறாள். ஆனால் கட்டில் இருக்கிறதே என்று மொட்டை மாடியிலோ தகரக் கொட்டகையிலோ நாயைக் கட்டிப்போடுவது தகாது. தகரத்தின்கீழ் இருக்கும் காற்றே கொதிக்கும்போது, அடியில் அது ஓடி என்ன பயன்?

மார்கழியில் நிலைமை நேர்மாறு. கோடையில் குளிர்ச்சி தந்த அதே காற்றோட்டம் அப்போது உள்மயிர் இல்லாத உடம்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. விடியற்காலையில் மாயா மூக்கை வயிற்றுக்குள் செருகிச் சுருண்டு கிடந்தாள். தொடை மெல்ல நடுங்கியது. ஒரு பழைய கம்பளியை இரண்டாக மடித்து வலைமேல் விரித்த பிறகே கால் நீட்டிப் படுத்தாள். திருச்சிக்கே இப்படியென்றால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு வெறும் வலைத்துணிக் கட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டிலின்மேல் தடித்த விரிப்பும், காற்று நேராகப் படாத மூலையும் அங்கே கட்டாயம்.

துப்புரவு விஷயத்தில் கட்டிலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். வீட்டில் நாயைத் தொல்லைப்படுத்தும் பழுப்பு உண்ணி, இரத்தம் குடித்து முடித்ததும் நாயின் உடம்பை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் மரச்சாமான் இடுக்கிலும் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமியைப் பரப்புவதும் இதே உண்ணிதான். பழைய கயிற்றுக் கட்டிலையோ நாடாக் கட்டிலையோ நாய்க்குக் கொடுத்தால் அதன் ஒவ்வொரு முடிச்சும் உண்ணிக்கு ஒளிவிடமாகிவிடும். குழாயும் வலையும் உள்ள இந்தக் கட்டிலில் ஒளிவிடங்கள் குறைவு. துணியுறைக்குள் குழாய் நுழையும் நான்கு மூலைகளையும், குழாயின் வாய் மூடியையும் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். இது உண்ணி மருந்துக்கு மாற்றாகாது. மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

கருத்தடை அறுவை செய்த பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த அறுவைக்குப் பிறகு தூக்கத்தில் தன்னையறியாமல் சிறுநீர் கசியும் குறைபாடு மற்ற பல இனங்களைவிட டாபர்மேன் இனத்தில் அதிகம். நாய் அடங்காமல் அசுத்தம் செய்வதாக நினைத்துத் திட்டுவது பெரும் பாவம். மருத்துவரிடம் காட்டினால் மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது இது. மருந்து பிடிக்கும் வரை, மெத்தையில் ஊறிப்போகும் ஈரத்தில் நாய் இரவெல்லாம் கிடந்தால் தொடையிடுக்கில் தோல் வெந்துவிடும். வலைத்துணியில் ஈரம் கீழே வடிந்துவிடுகிறது. காலையில் குழாய்த் தண்ணீரை அடித்து விட்டால் ஐப்பசி மழையிலும் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. அதே மழையில் ஃபோம் மெத்தையைத் துவைத்தவர்களுக்கு அது எத்தனை நாள் நாறும் என்பது தெரியும்.

துணியைச் சப்பும் பழக்கம் டாபர்மேன்களில் சிலவற்றுக்கு உண்டு. போர்வையின் ஒரு முனையை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை பால் குடிப்பதுபோல் மணிக்கணக்கில் சப்பிக்கொண்டிருக்கும்; சில, தம் விலாப்புறத்துத் தோலையே சப்பிப் புண்ணாக்கிக்கொள்ளும். இந்தப் பழக்கத்துக்கு மரபணுத் தொடர்பு இருப்பதாக 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இப்படிப்பட்ட நாய்க்குப் பஞ்சு திணித்த படுக்கையைக் கொடுப்பது ஆபத்து. கிழித்து விழுங்கிய பஞ்சு குடலை அடைத்தால் அறுவை வரை போக நேரிடும். வலைக்கட்டிலில் விழுங்குவதற்கு ஏதுமில்லை. ஆனால் பல் முளைக்கும் பருவத்துக் குட்டி துணியுறையின் விளிம்பைக் கடித்துப் பிரித்துவிடும் என்பதால், குட்டிக்கு இதை வாங்குவதைச் சற்றுத் தள்ளிப் போடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெட்டியின்மேல் 'ஆர்த்தோபீடிக்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எலும்பு மூட்டு நோய்க்குரிய படுக்கை என்ற பொருளில் வாங்குகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். இழுத்துக் கட்டிய ஒற்றைத் துணிக்கு அந்தப் பெயர் தகாது. கழுத்துத் தண்டுவடம் நெருக்கப்பட்டு நடை தள்ளாடும் வாப்லர் நோய் டாபர்மேன் இனத்தில் அதிகம் காணப்படுவது. அத்தகைய நாய்க்கு 7 அங்குலம் ஏறி இறங்குவதும், கால் ஊன்றும்போது தாழும் துணிமேல் நிமிர்ந்து எழுவதும் துன்பம்தான். மூட்டு தேய்ந்த முதிய நாய்களுக்கும் அப்படியே. அவற்றுக்குத் தரையோடு ஒட்டிய, அழுத்தினால் அடிவரை அமுங்காத தடித்த மெத்தைதான் சரி.

கால்களின் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ் மிக மெலிதானது. நாய் ஓடிவந்து ஏறும்போது மொசைக் தரையில் கட்டில் ஒரு சாண் தூரம் வழுக்கிச் செல்கிறது. சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய ட்யூப் துண்டுகளைக் காலுக்கடியில் ஒட்டிய பிறகு நகரவில்லை. போல்ட்டுகளுக்கு மட்டும் பவுடர் கோட்டிங் இல்லை. அடிக்கடி கழுவுவதால் தலைப்பகுதியில் துரு பூத்திருக்கிறது. எஃகு போல்ட்டாக மாற்ற ஹார்டுவேர் கடையில் சில்லறைச் செலவுதான். அதைத் தயாரிப்பாளரே செய்திருக்கலாம். துணியின் நடுப்பகுதி நாளடைவில் தளர்ந்து தாழ்கிறது. படுப்பதற்கு முன் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முன்னங்காலால் பறிப்பது நாயின் இயல்பு. டாபர்மேனின் வலுவான நகங்கள் பிவிசி பூச்சைச் சுரண்டி, உள்ளேயிருக்கும் வெள்ளை இழையை வெளியே கொண்டுவந்துவிடுகின்றன. நகத்தை ஒழுங்காக வெட்டிவந்தால் துணியின் ஆயுள் கூடும். நடக்கும்போது தரையில் 'டக் டக்' என்று ஓசை கேட்டால் வெட்டும் நாள் தாண்டிவிட்டது என்று பொருள். கறுப்பு நகத்தில் உள்ளிருக்கும் இரத்தக் குழாய் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மெல்லிய சீவல்களாகவே வெட்ட வேண்டும். இரத்தம் உறைவதில் குறைபாடு உண்டாக்கும் வான் வில்லிபிராண்ட் நோய் இந்த இனத்தில் பரவலாக இருப்பதால், நகத்தில் பட்ட சிறு காயமும் நெடுநேரம் கசிந்துகொண்டிருந்தால் அதை அலட்சியப்படுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டிலை எங்கே போடுகிறோம் என்பது வாங்குவதைப் போலவே முக்கியம். டாபர்மேன் வீட்டு மனிதர்களை விட்டு விலகி இருக்க விரும்பாத நாய். ஆள் நடமாட்டமில்லாத கார் ஷெட்டில் எவ்வளவு நல்ல கட்டில் போட்டாலும் அது வாசற்படியில் வந்து வெறுந்தரையில்தான் படுக்கும். எங்கள் கூடத்தில், வாசலும் சமையலறையும் ஒருசேரத் தெரியும் இடத்தில் போட்டிருக்கிறோம். நெஞ்சுக்கூடு ஆழமான இனம் என்பதால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இதற்கு உண்டு; சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது ஓட விடாமல் அமர்த்தி வைக்க, 'கட்டிலுக்குப் போ' என்ற ஒரு கட்டளையைப் பழக்கியது எங்களுக்குக் கைகொடுக்கிறது.

இன்னொரு பயன் பெட்டியில் அச்சிடப்படாதது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டிலின் மிகப் பெரிய பயன் அதுவே. இதயத் தசை மெலிந்து விரிந்துபோகும் நோய்தான் டாபர்மேன் இனத்தின் பெருஞ்சாபம். ஐரோப்பிய டாபர்மேன்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாள் கணக்கில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்நோய் வருவதாகத் தெரிந்தது. வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே வளரும் நோய் இது. அந்த நிலையிலேயே கண்டுபிடித்துப் பிமோபெண்டன் மருந்தைத் தொடங்கினால் இதயம் செயலிழக்கும் கட்டம் தள்ளிப்போகிறது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியதால்தான், ஆண்டுக்கொரு முறை எக்கோவும், 24 மணி நேரம் உடலில் கட்டி வைக்கும் ஹோல்டர் இசிஜியும் எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது, தூங்கும் நாயின் மூச்சை எண்ணுவது. நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். ஆழ்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். மறுநாளுக்குத் தள்ளிப் போடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மேசைக்கடியிலோ வாசல் இருட்டிலோ சுருண்டு கிடக்கும் கறுப்பு நாயின் மூச்சை எண்ணுவது கடினம். கட்டிலில் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருக்கும்போது விலா ஏறுவதும் இறங்குவதும் கூடத்தின் மறுபக்கத்திலிருந்தே தெரிகிறது. அருகில் போய் அவளை எழுப்பாமலே எண்ணி, நாட்காட்டித் தாளில் தேதிக்கு நேராகக் குறித்துவிடுகிறேன்.

கட்டிலுக்கு 2,400 ரூபாய் கொடுத்தோம்; மாற்றுத்துணி தனியாக 700 ரூபாய். இதைவிடக் குறைந்த விலையில் பிளாஸ்டிக் மூலைகளோடு வருபவை லாப்ரடார் குட்டிக்கு வேண்டுமானால் தாங்கலாம். 40 கிலோ ஆண் டாபர்மேன் ஏறினால் மூலை விரிந்துவிடும். அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் இரண்டு கோரைப்பாய்களுக்கு நடுவே பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்து வைத்துத் தைத்துக் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை வெயிலில் உதறிப் போட்டால் அதுவும் முழங்கையைக் காக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட, நடையில் குறையில்லாத, சமவெளி ஊர்களில் வளரும் டாபர்மேனுக்கு இந்தக் கட்டிலைத் தயங்காமல் வாங்கலாம். மாயாவுக்கு இப்போது ஏழு வயது; இன்னும் துள்ளித்தான் ஏறுகிறாள். தயாரிப்பாளர்கள் இதே சட்டத்துக்குப் பொருந்தும் 3 அங்குலக் கால்களைத் தனியாக விற்கத் தொடங்கினால் நாய்க்கு வயதாகும்போது கட்டிலை மாற்றாமல் காலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடையில் இதை எழுதியே கொடுத்து வந்திருக்கிறேன்.